மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய லோடு வண்டி: எந்தப் பாகத்துக்கு எவ்வளவு ஆயுள்?

காய்கறி, மீன், பாத்திர வாடகை, பழைய இரும்பு என்று நம் பகுதியில் பல வீடுகளின் வருமானம் ஒரு பிக்கப் வண்டியை நம்பி இருக்கிறது. பெரும்பாலும் அது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மீட்டர் இரண்டு லட்சம், மூன்று லட்சம் கிலோமீட்டர் காட்டும். “இவ்வளவு ஓடிய வண்டிக்கு இனி எதற்குச் செலவு? ஓடுகிற வரை ஓடட்டும்” என்று விட்டுவிடுகிறோம். இந்தப் பாடம் அந்த எண்ணத்தைப் பற்றியது.

வண்டி மொத்தமாக ஒரே நாளில் பழசாவதில்லை. பாகத்துக்குப் பாகம் ஆயுள் வேறு. நேரத்துக்கு ஆயில் மாற்றிய டீசல் எஞ்சின் லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கும். ஆனால் சில நூறு ரூபாய் ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று வழியில் வெடித்தால் தண்ணீர் முழுவதும் வெளியேறும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கட் போகும், ஹெட்டே வளைந்துவிடும். செலவு ஆயிரங்களில் நிற்காது. வண்டி ஷெட்டில் நிற்கும் நாட்களின் வருமானமும் போகும்.

ஆகவே மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்போம். கீழே உள்ளவை பொதுவான கணக்கு. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி.

1. ஓட்டத்தால் தேய்பவை

எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும்: பல டீசல் பிக்கப்களுக்கு ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். பாரத்தோடு ஊருக்குள் நின்று நின்று ஓடும் வண்டிக்கு இன்னும் முன்பாகவே மாற்றுவது நல்லது. ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

டீசல் ஃபில்டர்: இதில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். புதிய டீசல் எஞ்சின்களில் தண்ணீர் உள்ளே போனால் முதலில் கெடுவது இன்ஜெக்டர். அது விலை அதிகமான பாகம்.

டைமிங் பெல்ட்: சில எஞ்சின்களில் பெல்ட், சிலவற்றில் செயின் அல்லது கியர். உங்கள் வண்டியில் எது என்று மெக்கானிக்கிடம் கேட்டு வையுங்கள். பெல்ட் என்றால் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரைத் தாண்ட விடாதீர்கள். அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதிவிடும்.

கிளட்ச், பிரேக் லைனிங்: இவற்றின் ஆயுள் ஓட்டுபவரின் காலில் இருக்கிறது. கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டுபவருக்குப் பாதி ஆயுள்கூடக் கிடைக்காது. பிரேக்கில் கீச்சென்ற சத்தம் வந்தால் அன்றே கழற்றிப் பாருங்கள்.

2. காலத்தால் கெடுபவை

இவை வண்டி ஓடாமல் நின்றாலும் கெடும். பலர் தவறவிடுவது இங்கேதான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகும்; பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான வழக்கம்.

கூலன்ட்டுக்குப் பதிலாக வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துருவும் உப்பும் படியும். ஹோஸ், ஃபேன் பெல்ட் ஆகியவற்றில் வெடிப்போ உப்பலோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். பேட்டரிக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆயுள் எதிர்பார்க்கலாம்.

டயர் பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பழைய டயர் வாங்கும்போது இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

3. பாரத்தால் தளர்பவை

பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பட்டை, அதைப் பிடித்திருக்கும் யூ போல்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட், வீல் பேரிங், முன்பக்க பால் ஜாயின்ட். அளவுக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு நடையும் இவற்றின் ஆயுளைத் தின்கிறது. வண்டியை எடுக்கும்போது “டக்” என்ற சத்தம் வந்தாலோ, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காதீர்கள். கிரீஸ் அடிக்கும் இடங்களில் தவறாமல் அடித்தால் இவற்றில் பல நெடுநாள் உழைக்கும்.

வாரம் ஒரு முறை, பத்து நிமிடம்

காலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் சூடாகும் முன் பாருங்கள்: ஆயில் அளவு, கூலன்ட் அளவு, பிரேக் ஆயில் அளவு, ஸ்டெப்னி உட்பட எல்லா டயரிலும் காற்று, வீல் நட்டு, எல்லா விளக்குகளும். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறுப்புச் சொட்டு இருந்தால் பெரும்பாலும் எஞ்சின் ஆயில். பச்சை அல்லது சிவப்புத் தண்ணீர் என்றால் கூலன்ட். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

கையில் பணம் குறைவாக இருந்தால்

முதலில் உயிரைக் காப்பவை: பிரேக், ஸ்டீயரிங், டயர். அடுத்து எஞ்சினைக் காப்பவை: ஆயில், ஃபில்டர், கூலன்ட், ஹோஸ், பெல்ட். பெயின்ட், சீட் கவர், பாட்டு செட் எல்லாம் கடைசியில். எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். இந்த வரிசையில் பராமரித்து வந்தால் எஃப்.சி. நேரத்தில் மொத்தச் செலவும் ஒன்றாக வந்து விழாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு

தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், கொடுத்த பணம் என நான்கு கட்டம் போடுங்கள். வாப்பாவோ அண்ணனோ வண்டி ஓட்டினால், பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும். கிலோமீட்டர் மட்டும் எழுதினால் காலத்தால் கெடுபவை விட்டுப்போகும். தேதி மட்டும் எழுதினால் ஓட்டத்தால் தேய்பவை விட்டுப்போகும். இரண்டும் வேண்டும்.

பழைய வண்டியை இப்போதுதான் வாங்கினீர்களா? விற்றவர் சொன்னதையும் மீட்டரையும் மட்டும் நம்ப வேண்டாம். எல்லா ஆயில், ஃபில்டர், பெல்ட் ஆகியவற்றையும் ஒரு முறை மாற்றி, அந்தத் தேதியை நோட்டின் முதல் வரியாக எழுதுங்கள்.

உங்களுக்கு மூன்று கேள்விகள்: உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? டைமிங் பெல்ட்டா, செயினா? ஸ்டெப்னி டயர் எந்த ஆண்டு செய்தது? இதில் ஒன்றுக்காவது பதில் தெரியாவிட்டால், நாளைக் காலை லோடு ஏற்றும் முன் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள்.