மண்மேட்டில் கொழுஞ்சி



நெய்வேலிக்குப் பஸ்ஸில் போனவர்கள் மலை மாதிரி மண்மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை மலை இல்லை. அங்கே பழுப்பு நிலக்கரி 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதை வெட்டுவதற்காக மேலே இருந்து தோண்டிக் கொட்டிய மண்தான் அது. ஆழத்து மண் மேலே வந்துவிடுவதால் அதில் மக்கு இல்லை, தழைச்சத்தும் இல்லை. “அது செத்த மண்ணு புள்ள, ஒண்ணும் வராது” என்பார் எங்க தாத்தா.

சில மேடுகளில் மரக்கன்று நட்டு வளர்த்திருக்கிறார்கள். நான் பார்த்தது யாரும் நடாத இடம். மழையில் ரோட்டோரம் சரிந்து கிடந்த மண்ணில் முதலில் பாசி படர்ந்தது, அப்புறம் புல், அதன்பின் கொழுஞ்சி. நம் வயலில் தழையுரமாக மிதிப்போமே, அதே கொழுஞ்சிதான்!

ஒன்றைப் பிடுங்கினேன். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த முடிச்சுக்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேராக எடுக்க முடியாது. பாக்டீரியா அதைச் செடிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறது, செடி பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. இலை உதிர்ந்து மக்கினால் அந்தச் சத்து மண்ணுக்கும் சேரும். (ஆவாரையும் காய் காய்க்கிற செடிதான், ஆனால் அதன் வேரில் முடிச்சு கிடையாது. நான் வீணாகத் தோண்டிக் கை வலித்ததுதான் மிச்சம்.)

இரண்டு தொட்டியில் மேட்டு மண் போட்டுக் காராமணி விதைத்தேன். ஒன்றில் மட்டும் கொழுஞ்சி வேரடி மண் ஒரு பிடி. நாற்பது நாளில் அது பச்சை, மற்றது மஞ்சள். ஓடிப்போய் சாரிடம் காட்டினேன். “அந்தப் பிடி மண்ணுல இருந்த சத்தாலயும் பச்சையா வந்திருக்கலாமே?” என்று கேட்டுவிட்டார்! எனக்கு முகம் வாடிவிட்டது.

அதனால் மறுபடி விதைத்தேன். இப்போது மூன்று தொட்டி. மூன்றாவதில் போட்ட பிடி மண்ணை இட்லிக் குண்டானில் ஒரு மணி நேரம் வேகவைத்தேன். (அம்மாவிடம் வாங்கிய திட்டு தனி.) சத்து அப்படியே இருக்கும், கிருமி செத்துவிடும் அல்லவா? நேற்று ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு செடி பிடுங்கினோம். வேகாத மண் போட்டதில் 14 முடிச்சு. வேகவைத்ததில் ஒன்றுகூட இல்லை.

தாத்தா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. “காய் புடிக்கட்டும், அப்புறம் பேசு” என்கிறார். மீதிச் செடிகள் எங்கள் வகுப்பு ஜன்னலில் இருக்கின்றன. வந்து பாருங்கள், ஆனால் தயவுசெய்து பிடுங்காதீர்கள்!

– 9 ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி