ஆஸ்பத்திரி பில்லை இன்சூரன்ஸ் கட்டும். உங்க சம்பளத்தை யார் தருவாங்க?

உங்ககிட்ட இருக்கிற பெரிய சொத்து பிஎஃப் இல்ல, தங்கமும் இல்ல. மாசா மாசம் சம்பளம் கொண்டுவர்ற உங்க உடம்புதான். தூத்துக்குடியில சங்கு குளிக்கிறவங்களை வச்சு இதைப் புரிஞ்சுக்கலாம்.

மன்னார் வளைகுடாவுல முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னுபோச்சு. சங்கு குளிக்கிறது தொடருது. கடல்ல 10 மீட்டர் இறங்கினாலே உடம்பு மேல அழுத்தம் இரண்டு மடங்காகும். குழாய் வழியா காற்று வாங்கி ரொம்ப நேரம் ஆழத்துல இருந்தா, நைட்ரஜன் ரத்தத்துல கரையும். வேகமா மேலே வந்தா அது குமிழியாகும். மூட்டு வலியில ஆரம்பிச்சு, கால் செயலிழக்கிற வரைக்கும் போகலாம்.

அழுத்தக் காற்றுல வேலை செய்றதால வர்ற நோய், 1923-ம் வருஷ தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியல்லயே இருந்துச்சு. ஆனா இழப்பீடு கேட்க ஒரு முதலாளி வேணுமே! எடுத்த சங்குக்குக் காசு வாங்குறவர் யார்கிட்ட போய்க் கேட்பார்?

"அது கடல் வேலை, நமக்கென்ன"ன்னு நினைக்காதீங்க. பைக்ல விழுந்து கால் உடைஞ்சு 4 மாசம் வீட்ல இருந்தா? சம்பளம் 30,000-ன்னா, லீவு தீர்ந்த பிறகு நஷ்டம் 1,20,000 வரைக்கும் போகும்.

உங்ககிட்ட இருக்கிற பாதுகாப்பைப் பாருங்க:

1. இஎஸ்ஐ: மாதச் சம்பளம் 21,000 வரைக்கும்தான். வேலையில அடிபட்டா, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்துல சுமார் 90% கிடைக்கும். இன்க்ரிமென்ட் வந்து வரம்பைத் தாண்டினா, நடப்புப் பங்களிப்புக் காலத்துக்குப் பிறகு பிடித்தம் நிக்கும். பிறகு இந்தப் பாதுகாப்பும் போயிடும்.

2. மெடிக்ளெய்ம்: ஆஸ்பத்திரிக்குக் கட்டும். உங்க இஎம்ஐ-யைக் கட்டாது.

3. பிரதமர் சுரக்ஷா பீமா: வருஷம் 20 ரூபாய். விபத்துல மரணம், நிரந்தர முழு ஊனம்னா 2 லட்சம். நிரந்தரப் பகுதி ஊனம்னா 1 லட்சம். எலும்பு உடைஞ்சு குணமாகிற 4 மாசத்துக்கு ஒண்ணும் கிடையாது.

அந்த ஓட்டையை அடைக்க, தனிநபர் விபத்து பாலிசியில "தற்காலிக முழு ஊனம்" பிரிவு இருக்கான்னு கேளுங்க. செய்ற வேலையை மறைக்காம எழுதுங்க. ஸ்கூபா, பனிச்சறுக்கு மாதிரி சாகசங்களைப் பல பாலிசிகள் விலக்கி வைக்கும். அந்தப் பக்கத்தையும் படிங்க. நோயால வேலை நின்னா விபத்து பாலிசி உதவாது. அதுக்கு 6 மாசச் செலவு கையில இருக்கட்டும்.

இன்னைக்கே ஒரு வேலை: அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுங்க. அதுல நீங்க "ஊழியரா", "கன்சல்டன்ட்டா"? இரண்டாவதுன்னா, நீங்களும் சங்கு குளிக்கிறவர் நிலைமையிலதான் இருக்கீங்க.