வருடத் திட்டமா, வாரக் கணக்கா?

ஜனவரி பிறந்ததும் நம்மில் பலர் ஒரு நிய்யத் வைக்கிறோம். "இந்த வருடம் கடையைப் பெருப்பிக்க வேண்டும், வெளியில் நிற்கும் கடனை வசூலிக்க வேண்டும்" என்போம். நோன்பு வரும், பெருநாள் வியாபாரம் வரும், பின்னர் மாரி மழை வரும். டிசம்பரில் எடுத்துப் பார்த்தால் கடன் கொப்பி இன்னும் தடித்திருக்கும். காரணம் சோம்பல் அல்ல. பன்னிரண்டு மாதம் நீளமானது. "இன்னும் நாள் இருக்கிறதுதானே" என்று மனம் சமாதானம் சொல்லிவிடும்.

நமது நாட்டில் வருடத் திட்டத்துக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. 2022 ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஜனவரியில் போட்ட கொள்முதல் கணக்கு எதுவும் அதன் பின் செல்லுபடியாகவில்லை. வாரந்தோறும் விலையையும் கையிருப்பையும் பார்த்தவர்களுக்கே அந்த மாற்றம் நேரத்தோடு தெரிந்தது.

வாரக் கணக்கின் பலத்துக்கு நல்ல உதாரணம் பங்களாதேஷின் கிராமீன் வங்கி. 1976இல் பேராசிரியர் முஹம்மது யூனுஸ், சிட்டகாங் அருகேயுள்ள ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு மொத்தம் 856 டாக்கா கொடுத்துத் தொடங்கிய முயற்சி அது. 1983இல் வங்கியானது, 2006இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றது. ஐந்து பேர் ஒரு குழு. வாரம் ஒரு கூட்டம். சிறு தவணை. எல்லோர் முன்னிலையிலும் கணக்கு.

பின்னர் கொல்கத்தாவில் பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் இதைச் சோதித்தனர். முதற் கடனின்போது வாரந்தோறும் கூடிய குழுவினர், மாதம் ஒருமுறை கூடியவர்களை விட அடுத்த கடனில் குறைவாகவே தவணை தவறினர்.

வட்டி நமக்கு ஆகாது. வாரத் தவணையின் பெயரில் நுண்கடன் வசூலிப்போர் வாசலில் வந்து நின்று நமது கிழக்கில் குடும்பங்களைப் படுத்திய பாட்டையும் அறிவோம். நாம் எடுக்க வேண்டியது கடனை அல்ல, கணக்குக் காட்டும் பழக்கத்தை மட்டுமே. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை மறக்கலாகாது.

செய்யும் முறை இதுதான். பன்னிரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு இலக்கு வையுங்கள். அது இலக்கத்தில் இருக்கட்டும். உதாரணமாக, ஒரு பலசரக்குக் கடைக்கு வெளியில் 6 இலட்சம் ரூபா கடன் நிற்கிறது. அதை 3 இலட்சமாக்க வேண்டுமானால் வாரத்துக்கு 25,000 ரூபா குறைய வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு வாரத்தில் 40,000 வசூலித்துவிட்டு மகிழ்வார்கள். அதே வாரம் 35,000க்குப் புதுக்கடன் கொடுத்திருப்பார்கள். உண்மையில் குறைந்தது 5,000 மட்டுமே. ஆகவே வசூல், புதுக்கடன், மீதி என மூன்று இலக்கங்களையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

நான்கு வாரம் முடிய ஒரு இலட்சம் குறைய வேண்டிய இடத்தில் 40,000தான் குறைந்ததா? கைவிட வேண்டாம். மிகுதி 2,60,000ஐ எட்டு வாரத்துக்குப் பிரியுங்கள். வாரத்துக்கு 32,500 வரும். அது முடியாதென்றால் இலக்கைத் திருத்துங்கள், அல்லது புதுக்கடனை நிறுத்துங்கள். எட்டு வாரம் கையில் இருக்கும்போதே இந்த முடிவை எடுக்க முடிகிறதே, அதுதான் இலாபம்.

காலத்தையும் பார்த்துத் தொடங்குங்கள். வயல்காரர்களுக்குக் கடன் கொடுக்கும் கடைகள், அறுவடைக் காலம் பன்னிரண்டு வாரத்துக்குள் வரும்படி வைப்பது புத்தி. சேலை, சாரம் விற்போர் பெருநாளிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணலாம்.

கடைசியாக, தனியே கணக்குப் பார்ப்பவர் தன்னையே ஏமாற்றிக்கொள்ளக் கூடும். உங்களோடு போட்டியில்லாத வேறு தொழில் செய்யும் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் இரும்புக்கடை, ஒருவர் பேக்கரி என்றிருக்கலாம். வாரம் ஒருநாள், இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் போதும். கேள்விகள் மூன்று: சொன்னது என்ன? நடந்தது என்ன? அடுத்த வாரம் செய்யப்போவது என்ன? காரணம் சொல்ல இரண்டு நிமிடம். வழி தேட மிகுதி நேரம். அங்கே பேசிய இலக்கம் வெளியே போகக்கூடாது. அது அமானிதம்.

வரும் வியாழன் இரவு கடை பூட்டியதும் கொப்பியைத் திறந்து, வெளியில் நிற்கும் மொத்தக் கடனைக் கூட்டிப் பாருங்கள். முதல் வாரம் இன்ஷா அல்லாஹ் அங்கிருந்தே தொடங்கட்டும்.