தூரமும் நேரமும்

விடுமுறை நெருங்கினால் நம் விடுதியில் எழும் கேள்வி ஒன்று உண்டு: "டில்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்?" பௌதிகம் பயிலுபவன் என்பதால் அது பெரும்பாலும் என்னிடமே வந்து சேரும். ஒருமுறை இதற்குத் தவறான விடை கண்டவன் நான். ஆகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதலில் தூரத்தைக் காண்போம். பூமி உருண்டை, அதன்மேல் இரு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு துண்டாகும். டில்லி, சென்னை விமான நிலையங்களுக்கிடையே இத்துண்டு ஏறத்தாழ 15.8 பாகை. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் சுமார் 1,760 கிலோமீட்டர் வரும். ரயில் பாதையோ வளைந்து சுமார் 2,180 கிலோமீட்டர் செல்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு அதைக் கடக்க ஏறத்தாழ 33 மணி நேரம் வேண்டும்.

இனி நேரம். விமானத்தின் வேகத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் எனக் கொண்டால், விடை 2 மணி 12 நிமிஷம். அட்டவணையோ ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி என்கிறது. காரணம் யாதெனில், அட்டவணை நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும்போது தொடங்கி, மறு ஊரின் நிறுத்துமிடத்தில் நிற்கும்போது முடிகிறது. ஓடுபாதைவரை ஊர்தல், முறைக்குக் காத்திருத்தல், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைதல், தரையிறங்கச் சுற்றி வருதல் யாவும் அதில் அடங்கும்.

மேலும், 800 என்பது காற்றைச் சார்ந்த வேகமே. குளிர்காலத்தில் வட இந்தியாவின்மேல், உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. டில்லி–கொல்கத்தா தூரம் சுமார் 1,300 கிலோமீட்டர். காற்று மணிக்கு 200 கிலோமீட்டர் எனில், போக 78 நிமிஷம். வர 130 நிமிஷம். காற்றே இல்லையெனில் போகவர 195 நிமிஷம், இப்போது 208. போகையில் பெற்ற லாபம் வருகையின் நஷ்டத்தை ஈடுசெய்யவில்லை. எதிர்காற்றில் நெடுநேரம் பறக்க நேர்வதே இதற்குக் காரணம். சென்னை வழிக்கு இக்காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் வீசுவதால் விளைவு சிறிதே.

இத்தனையும் அறிந்த நான் 2024 ஜனவரியில் என்ன செய்தேன்? பல்லாவரத்தில் பாட்டிக்கு உடல்நிலை மோசம் என்று செய்தி வந்தது. "ஆறு மணி விமானம், ஒன்பதரைக்குள் வீட்டில் இருப்பேன் என்று பாட்டியிடம் சொல்லுங்கள்" என்று அப்பாவிடம் கூறினேன்.

பனிமூட்டத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மேகமற்ற குளிர்கால இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாகிறது. வெயில் ஏறினால்தான் அது கலையும். விமானம் புறப்பட்டபோது மணி பத்து. நான் வாசலை மிதித்தபோது ஒன்றரை.

ஒன்பதரையிலிருந்து பாட்டி, "பேரன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். பதினொரு மணிக்குப் பிறகு கேட்கவில்லையாம்.

என் வகுத்தலில் பிழை இல்லை. அவ்விடையை ஒரு வாக்காகக் கொடுத்ததே பிழை. நண்பர்களே, மார்கழியிலும் தையிலும் ஊருக்குப் புறப்படுவோர் "காலையில் வருகிறேன்" என்று சொல்லாதீர்கள். "இன்று வருகிறேன்" என்று சொல்லுங்கள். முடிந்தால் முதல் நாளே புறப்படுங்கள்.