நகைப் பெட்டி நாமே செய்யலாம்

மரம் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி அகலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். நீளத்தில் அநேகமாக மாறாது. தில்லியில் மே மாத அனல் காற்றுக்கும் ஆகஸ்டு மாதப் புழுக்கத்துக்கும் வேறுபாடு மிக அதிகம். மூடிப் பலகையை நாலு புறமும் பசையிட்டு இறுக்கினால், கோடையில் அது வெடிக்கக்கூடும். மகளுக்கென்று நான் செய்த முறை இது.

தேவையானவை: 12 மி.மீ. கனத் தேக்குப் பலகை, 4 மி.மீ. ப்ளைவுட், மரப்பசை, உப்புத்தாள், 2 பித்தளைக் கீல்கள்.

1. 25 செ.மீ., 15 செ.மீ. நீளங்களில் இரண்டிரண்டு பலகைகள் அறுங்கள். உயரம் 11 செ.மீ. முனைகளை 45 டிகிரியில் சாய்த்து வெட்டுங்கள்.

2. உட்புறம் மேலும் கீழும் 5 மி.மீ. ஆழத்தில் காடி எடுங்கள். கீழே ப்ளைவுட். மேலே, ஓரம் இழைத்த தேக்குப் பலகை. அதற்குக் காடிக்குள் இருபுறமும் 1 மி.மீ. இடம் விடுங்கள். பசை கூடாது.

3. மூலைகளுக்கு மட்டும் பசையிட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு நாள் வையுங்கள். குறுக்களவுகள் இரண்டும் சமமாக இருக்கட்டும்.

4. மூடிய பெட்டியை மேலிருந்து 3 செ.மீ. கீழே சுற்றிலும் அறுத்தால் மூடி தனியே வரும். அளவு பிசகாது; மர ரேகையும் தொடரும். பிறகு கீல் பொருத்துங்கள்.

வார்னிஷ் வாடை முழுதும் போன பிறகே நகை வையுங்கள். உள்ளே கம்பளித் துணி வேண்டாம். அதிலுள்ள கந்தகம் வெள்ளிக் கொலுசைக் கறுக்கச் செய்யும். பருத்தி வெல்வெட் நல்லது. பாட்டியின் கொலுசு பேத்திக்குப் பளபளப்போடு போய்ச் சேரட்டும்.