வேலிக்குள் வந்த வெள்ளாடு

ஊர்ப்பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கிக் கம்பிவேலி போட்டு முடித்தவர்கள் அடுத்து வாங்குவது பெரும்பாலும் நாலைந்து வெள்ளாடு. மாடென்றால் பால் கறக்க ஆள் தேட வேண்டும், கோழியைக் கீரி தூக்கிவிடும், ஆடு அப்படியில்லை, அது பாட்டுக்கு மேய்ந்து அது பாட்டுக்கு வளரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த ஆடு காலையில் பட்டியை விட்டுக் கிளம்பினால் பொழுது சாயும்வரை ஏரிக்கரை, புறம்போக்கு, அறுவடை முடிந்த கொல்லை என்று நடந்து, செடிக்குச் செடி ஒரு வாய் கடித்துவிட்டுத் திரும்பிய ஆடு. எதைத் தின்பது, எதை விடுவது என்பதை அதுவே பார்த்துக்கொண்டது. வேலிக்குள் அடைத்ததும் அந்த வேலை நம் தலையில் விழுகிறது. ஆட்டைப் பற்றி நம்மிடையே புழங்கும் நம்பிக்கைகளில் பாதி, மேய்ச்சல் ஆட்டுக்குப் பொருந்தும், அடைத்த ஆட்டுக்குப் பொருந்தாது. மீதி எந்த ஆட்டுக்கும் பொருந்தாது.

“ஆடு எதையும் தின்னும்”

சுவரொட்டியைக் கிழித்துத் தின்னும் ஆட்டைப் பார்த்து வந்த நம்பிக்கை இது. அது தேடுவது பெரும்பாலும் தாளுக்குப் பின்னால் இருக்கும் மைதாப் பசையை. மற்றபடி வெள்ளாட்டைப்போல வாய்ப் பிடிவாதம் உள்ள பிராணி குறைவு. மேலுதட்டால் துழாவித் துளிரைத் தனியாகக் கிள்ளும். கீழே விழுந்து மிதிபட்ட தழையை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். அதே தழையைக் கட்டாகக் கட்டித் தலை உயரத்தில் தொங்கவிட்டால் காம்புவரை போகும். வேலியோரம் ஆடாதோடையும் ஆடுதின்னாப்பாலையும் கைபடாமல் நிற்பதைப் பார்த்தாலே தெரியும், அது எவ்வளவு கணக்குப் பார்க்கிறது என்று.

சிக்கல், தேர்ந்தெடுக்க எதுவும் இல்லாதபோது வருகிறது. பண்ணை வீட்டுப் பாதையில் அழகுக்கு வைத்த அரளியை மேய்ச்சல் ஆடு தொடாது. பசித்துக் கிடக்கும் ஆடு தொடும், கொஞ்சம் இலையே இதயத்தை நிறுத்தப் போதும். வெட்டிப்போட்ட அரளி காய்ந்த பிறகும் விஷம்தான், ஆகவே கவாத்து செய்த கிளைகளைக் கொட்டில் பக்கம் குவிக்கக் கூடாது. பச்சை மரவள்ளித் தழையிலும், பூக்காத இளஞ்சோளத்திலும், குறிப்பாக மழையில்லாமல் வாடிக் குன்றிய சோளத்திலும், சயனைடு உண்டு. மரவள்ளித் தழையை நன்றாக உலர்த்திக் கொடுத்தால் அது பெருமளவு குறைந்துவிடும்.

சவுண்டல் என்கிற சூபாபுல் வேறு வகை. நல்ல புரதம், வெட்ட வெட்டத் துளிர்க்கும், ஆனால் மிமோசின் என்ற பொருள் இருப்பதால் அளவு மீறினால் முடி கொட்டும், கழுத்தில் வீக்கம் வரும். ஆஸ்திரேலியாவில் கால்நடைகள் இதனால் அவதிப்பட்டபோது ஹவாய் தீவின் ஆடுகள் இதே தழையைத் தின்று சுகமாக இருந்ததை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். ஹவாய் ஆட்டின் இரைப்பையில் இருந்த ஒரு நுண்ணுயிர் அந்த நஞ்சைச் சிதைத்துக்கொண்டிருந்தது. 1980களில் அதை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய்க் கால்நடைகளுக்குப் புகட்டினார்கள். நம் ஆட்டின் வயிற்றில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சவுண்டல் போகாமல், அகத்தி, வேலிமசால், கிளுவை, வேம்பு என்று கலந்து கட்டினால் போதும்.

“மிஞ்சின சோற்றைப் போட்டால் நன்றாகக் கொழுக்கும்”

இதனால் சாகிற ஆடுகள் அரளியால் சாகிறவற்றைவிட அதிகம் என்பது என் எண்ணம். விசேஷ வீடு முடிந்து அண்டாவில் சோறு மிஞ்சுகிறது, வீணாக்க மனமில்லை, ஆட்டுத் தொட்டியில் கொட்டுகிறார்கள். ஆடு ஆசையாகத் தின்னும், அதுதான் ஆபத்து. இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் நார்ப்பொருளை மெல்ல மெல்லப் புளிக்க வைக்கப் பழகியவை. மாவுச்சத்து ஒரே நேரத்தில் வந்து இறங்கினால் லாக்டிக் அமிலம் பெருகி வயிறு புளித்துப்போகும், நல்ல நுண்ணுயிர்கள் மடியும், உடம்பின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுபடும். மறுநாள் காலை ஆடு மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். அசை போடாது, பல்லை நறநறவென்று கடிக்கும், இடது விலாவில் கை வைத்துத் தள்ளினால் உள்ளே நீர் தளும்புவது தெரியும். அந்த நிலையில் பாட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

சோறு மட்டுமில்லை, அரிசி, மக்காச்சோளம், கோதுமை எல்லாம் இதே கணக்குத்தான். தானியம் கொடுக்கவே கூடாது என்பதில்லை. இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்கலாம். மூட்டையை மட்டும் ஆடு எட்டாத அறையில் பூட்டுங்கள். கொண்டியை மூக்கால் தள்ளித் திறக்கத் தெரிந்த பிராணி இது.

“நச்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால்”

இது நல்ல எண்ணத்தில் செய்யும் கொலை. கொடி விழுவதற்கு முன் குட்டி ஊட்டினால் கொடி உள்ளேயே நின்றுவிடும் என்று பயந்து, பிறந்த குட்டியை மணிக்கணக்கில் மடிக்கு விடாமல் பிடித்து வைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். குட்டி முட்டி முட்டிக் குடிக்கும்போது தாயின் உடம்பில் சுரக்கும் ஆக்சிடோசின்தான் கருப்பையைச் சுருங்க வைக்கிறது. கொடி சீக்கிரம் விழ அது உதவிதான்.

குட்டியின் பக்கம் கணக்கு இன்னும் கடுமை. மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்பொருள் கருப்பையிலேயே கிடைத்துவிடும். ஆட்டுக்குட்டிக்கு அது சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அந்தப் பெரிய மூலக்கூறுகளை அப்படியே உறிஞ்சும் திறன் குட்டியின் குடலுக்குப் பிறந்த முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் கதவு ஏறக்குறைய மூடிவிடும். பிறந்த அரை மணி, ஒரு மணிக்குள் முதல் வாய் போக வேண்டும். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் சுமார் 200 மில்லி, மூன்று நான்கு தடவையாக. எழுந்து நிற்க முடியாத குட்டிக்குக் கறந்து புட்டியில் ஊட்டலாம். தொப்புள் கொடியை அயோடினில் நனைத்துவிடுங்கள். சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்துத் தின்னும் ருசி எனக்கும் தெரியும். குட்டி குடித்து மிஞ்சினால் அதைப் பார்க்கலாம்.

“கழிச்சல் இல்லையே, புழு எப்படி இருக்கும்?”

வெள்ளாட்டை அதிகம் வீழ்த்தும் குடற்புழு இரத்தம் உறிஞ்சும் வகை. ஹீமாங்கஸ் என்று பெயர். இது பெரும்பாலும் கழிச்சலை உண்டாக்குவதில்லை. புழுக்கை கெட்டியாக, உருண்டையாகத்தான் விழும். ஆடு மெலியும், பட்டியில் கடைசியாக நடக்கும், தாடைக்கடியில் பை மாதிரி நீர் கட்டும், ஒருநாள் விழுந்துவிடும். பார்க்க வேண்டிய இடம் கண். கீழ் இமையை விரலால் தாழ்த்தி உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் கவலையில்லை, வெளிர் ரோஜா நிறம் எச்சரிக்கை, வெள்ளையாகத் தெரிந்தால் இரத்தம் வற்றிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஃபமாச்சா என்ற வண்ண அட்டையை உருவாக்கினார்கள். அட்டை இல்லாவிட்டாலும் வாரத்துக்கொரு தரம் எல்லா ஆட்டின் இமையையும் பார்ப்பவருக்குக் கண் பழகிவிடும்.

மாதம் தவறாமல் எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றுவது இதற்குத் தீர்வில்லை. மருந்துக்கு மசியாத புழுவை வளர்க்கும் வழி அது. கால்நடை மருந்தகத்தில் சாணப் பரிசோதனை செய்து, வேண்டிய ஆட்டுக்கு மட்டும் கொடுப்பதே முறை. செம்மறியின் அளவை வெள்ளாட்டுக்கு வைக்கவும் கூடாது. வெள்ளாட்டின் ஈரல் பல புழு மருந்துகளை விரைவாக வெளியேற்றிவிடும் என்பதால் அளவு கூடுதலாகத் தேவைப்படும், அதை மருத்துவர் சொல்லட்டும். (தாது உப்பிலும் இந்த வித்தியாசம் உண்டு: செம்மறிக்கு நஞ்சாகும் தாமிரம் வெள்ளாட்டுக்கு அதிகம் வேண்டும்.) அல்பெண்டசோலை இளஞ்சினையில் கொடுக்கக் கூடாது.

கம்பிவேலிக்கும் புழுவுக்கும் நேரடி உறவு உண்டு. புழுவின் இளம்பருவம் பனி ஈரத்தில் புல்லின் அடித்தாளில் ஏறி நிற்கும். தலையைத் தூக்கிப் புதரையும் மரத்தையும் மேயும் ஆட்டின் வாய்க்கு அது எட்டாது. ஒரே கால் ஏக்கரை மொட்டையாகும்வரை மேயும் ஆடு தன் புழுக்கைக்குப் பக்கத்துப் புல்லையே தின்கிறது. இடத்தை நாலாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுங்கள், பனி காய்ந்த பிறகு விடுங்கள், புல் அரையடிக்குக் கீழே போவதற்குள் ஆட்டை நகர்த்துங்கள்.

“கண்ணு பட்டுப்போச்சு”

பட்டியிலேயே கொழுத்த குட்டி, நேற்றுச் சாயங்காலம்வரை துள்ளிக்கொண்டிருந்தது, விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடக்கிறது. நோஞ்சான் குட்டி மட்டும் பிழைத்திருக்கிறது. கண் திருஷ்டி என்று தோன்றத்தான் செய்யும். பாம்பின் மேலும் பழி விழும். இப்படி நல்லதாகப் பொறுக்கி எடுத்துப்போவது பெரும்பாலும் துள்ளுமாரி. குடலில் சாதாரணமாகவே வாழும் ஒரு நுண்ணுயிர், முதல் மழைக்குப் பின் வரும் இளம்புல்லோ அதிகத் தானியமோ கிடைத்ததும் பெருகி நஞ்சைக் கக்குகிறது. நிறையத் தின்னும் குட்டிதான் அதனால் முதலில் போகிறது. மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் தடுப்பூசி உண்டு, முதன்முறை போடும் குட்டிக்குச் சில வாரம் கழித்து இன்னொன்று. வெள்ளாட்டில் இந்த ஊசியின் காப்பு செம்மறியில் போல நீடிப்பதில்லை. எனவே மழை விட்டதும் பச்சைப்புல்லில் திறந்துவிடாமல் முதலில் கொஞ்சம் உலர்தீவனம் கொடுத்துவிட்டு அனுப்புவது நல்லது. கருப்புக் கயிறு கட்டுபவர்கள் கட்டட்டும், ஊசியையும் போட்டால் சரி.

“ஆட்டுப்பால் பச்சையாகக் குடித்தால் பலம், பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் ஆகும்”

பசும்பால் புரதம் ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. இரண்டின் புரதங்களும் அவ்வளவு நெருக்கம். ஆட்டுப்பாலில் ஃபோலேட் குறைவு என்பதால் அதையே நம்பி வளரும் கைக்குழந்தைக்கு இரத்தசோகை வரலாம். காந்தி குடித்தாரே என்றால், அவர் கைக்குழந்தை இல்லை. பசு, எருமைப் பால் குடிப்பதில்லை என்று சபதம் எடுத்தவர், நோயில் படுத்தபோது கஸ்தூர்பாவின் சொல் கேட்டு ஆட்டுப்பாலுக்கு ஒத்துக்கொண்டார்.

காய்ச்சாத பாலில் புருசெல்லா என்ற கிருமி இருக்கலாம். மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களைப் படுத்திய காய்ச்சலுக்கு மூலம் ஆடுகள் என்று 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் சமிட் கண்டுபிடித்தார். அவர் சோதித்த ஆடுகள் பார்வைக்கு நலமாகவே இருந்தன. 1906இல் படைமுகாமில் ஆட்டுப்பாலை நிறுத்தியதும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. நாம் பாலைக் காய்ச்சிவிடுகிறோம், ஆனால் கருச்சிதைந்த ஆட்டின் குட்டியையும் கொடியையும் வெறுங்கையால் அள்ளிப்போடுகிறோம். அதிலும் அதே கிருமி வரும். கையுறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்.

“பரண் இல்லாமல் பண்ணை இல்லை”

அதிக மழை, களிமண், இடநெருக்கடி இருந்தால் தரைக்கு மேல் உயர்த்திக் கட்டும் பரண் நல்லது. மேட்டு நிலத்தில் நாலு ஆட்டுக்குக் காற்றோட்டமான, மழை ஒழுகாத கூரையும் காய்ந்த தரையும் போதும். ஆட்டுக்கு ஆகாதது ஈரம்.

“பெரிய இனம், பெரிய லாபம்”

போயர் தென்னாப்பிரிக்காவில் இறைச்சிக்கென்றே உருவாக்கிய இனம், நல்ல இனம்தான். ஆனால் அதன் எடை, அங்கே அதற்குக் கிடைத்த தீவனத்தோடு சேர்ந்த எடை. தூத்துக்குடி, விருதுநகர் வெயிலில் முள்ளைத் தின்று இரட்டைக் குட்டி போடும் கன்னி ஆடும், நெடுங்கால் கொடி ஆடும், மேற்கே சேலம் கருப்பும் நம் நிலத்துக்கு ஏற்கெனவே பழகியவை. முதல்முறை வளர்ப்பவர் அவற்றில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

பத்துப் பெட்டை, ஈத்துக்கு இரண்டு, வருஷத்துக்கு இரண்டு ஈத்து, ஆக நாற்பது குட்டி என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். சினைக்காலமே ஐந்து மாதம். குட்டி ஊட்டி, உடம்பு தேறி, மறுபடி பருவத்துக்கு வர மூன்று மாதமாவது ஆகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து. தலையீத்தில் பெரும்பாலும் ஒற்றைக்குட்டிதான். சராசரி ஒன்றரை என்று வைத்தாலும் வருஷத்துக்கு இருபத்திரண்டு குட்டி, சாவு போக அதற்கும் கீழே. குட்டியைக் கறிக்கடைக்கு விற்காமல் அடுத்த புதுப் பண்ணைக்காரருக்கே இனவிருத்திக்கு விற்பதாக ஒருவர் கணக்குப் போட்டால் எழுந்து வந்துவிடலாம். ஈமு கோழி மோசடியில் கொங்கு மண்டலம் பார்த்த கணக்கு அது.

“பல்லைப் பார்த்து வாங்கினால் போதும்”

பல் வயதைச் சொல்லும். கீழ்வரிசை முன்பல்லில் பால் பல் விழுந்து இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒரு வயது தாண்டியது, எட்டும் மாறியிருந்தால் ஏறக்குறைய நாலு. நோயைப் பல் சொல்லாது. எட்டயபுரமோ அய்யலூரோ, பல ஊர் ஆடுகள் ஒரே இடத்தில் மூக்கோடு மூக்கு உரசி நிற்பது சந்தை. ஆட்டுக்கொல்லி நோய் பரவ இதைவிட வசதி வேண்டாம். மாட்டை அழித்துவந்த வெக்கை நோயின் உறவுக்கார வைரஸ் இது. வெக்கை நோய் 2011இல் உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவித்துவிட்டார்கள், இதை ஒழிக்க 2030 என்று குறி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் முடிந்த குட்டிக்கு ஊசி போட்டால் காப்பு சுமார் மூன்று வருஷம் நிற்கும். ஆனால் ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடாது.

எனவே சந்தையிலிருந்து இறக்கிய ஆட்டை மூன்று வாரம் தனிக் கொட்டிலில் கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனி. கண்ணிலோ மூக்கிலோ நீர் ஒழுகுகிறதா, வாயில் புண் இருக்கிறதா, உடம்பு சுடுகிறதா என்று தினமும் பாருங்கள். பழைய ஆடுகளுக்குத் தழை கட்டி முடித்த பிறகுதான் புது ஆட்டிடம் போக வேண்டும். திரும்பி வரும்போது கையையும் செருப்பையும் கழுவிவிட்டு வாருங்கள்.