ஜன்னலைச் சிறிதாக்குவது எப்படி?

குஜராத் மாநிலத்தில் கட்ச் என்ற மாவட்டம் உள்ளது. அதன் தலைநகர் பூஜ். 2001ஆம் ஆண்டு ஜனவரி 26. குடியரசு நாள். அன்று காலை அங்கே பெரிய பூகம்பம் வந்தது. 13,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் தங்கள் வீட்டுச் சுவர் விழுந்துதான் இறந்தார்கள்.

சில வீடுகள் விழவில்லை. விரிசலோடு நின்றன. அப்படி நின்ற ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். செங்கல் சுவர். மேலே சிமெண்ட் பூச்சு. முன் அறையின் சுவர் 12 அடி நீளம். அதில் இரண்டு ஜன்னல்கள். ஒவ்வொன்றும் 4 அடி அகலம், 4 அடி உயரம். காற்று நன்றாக வரட்டும் என்று ஆசையாக வைத்தவை. ஒவ்வொரு ஜன்னலும் சுவரின் மூலையிலிருந்து அரை அடி தள்ளி இருக்கிறது. ஜன்னல் ஓரத்திலிருந்து மூலை வரை சாய்வாக விரிசல் ஓடியிருக்கிறது.

கொத்தனார் வந்து பார்க்கிறார். அந்த ஊரில் பெண்களைப் ‘பென்’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஆண்களைப் ‘பாய்’ என்பார்கள்.

“ஜன்னலை ஓர் அடி குறைக்க வேண்டும், பென்” என்கிறார் கொத்தனார்.

“அப்படியானால் நடுப்பக்கம் அடைத்துவிடுங்கள், பாய். அங்கே அலமாரி வைத்துக்கொள்வேன்” என்கிறார் வீட்டுக்கார அம்மா.

“நடுவில் ஏற்கனவே 3 அடி சுவர் இருக்கிறது. மூலையில்தான் சுவர் இல்லை. அங்கேதான் அடைக்க வேண்டும்.”

கொத்தனார் சொல்வது சரி. பூகம்பத்தில் ஒரு சுவர் ஒரு பக்கம் ஆடும். பக்கத்துச் சுவர் வேறு பக்கம் ஆடும். இரண்டும் சேரும் இடம் மூலை. இழுபறி முழுவதும் அங்கேதான். அங்கே ஜன்னல் இருந்தால் மூலை கிழிந்துவிடும்.

இதற்கு அரசின் கட்டட விதி இருக்கிறது. கட்ச் போல ஆபத்து மிகுந்த இடத்தில், மாடி இல்லாத வீட்டில், ஜன்னல், கதவு எல்லாவற்றின் அகலமும் சேர்ந்து சுவர் நீளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உள் மூலையிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி இருக்க வேண்டும். இரண்டு ஜன்னலுக்கு நடுவே ஏறக்குறைய 2 அடி சுவர் வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். சுவர் 12 அடி. பாதி 6 அடி. இரண்டு ஜன்னலும் சேர்ந்து 8 அடி. இது அதிகம். மூலைப் பக்கம் ஓர் ஓர் அடி அடைத்தால் 3 அடியும் 3 அடியும் 6 அடி. மூலையில் ஒன்றரை அடி சுவர் கிடைக்கிறது. கணக்கு சரியாக வருகிறது.

அறை இருட்டாகிவிடாதா? அந்த அம்மாவுக்கும் இதே கவலை. வெயிலும் வறட்சியும் உள்ள ஊரில் அறைத் தரையின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது ஜன்னல் வேண்டும். அறை 12 அடிக்கு 10 அடி. தரை 120 சதுர அடி. ஜன்னல் 12 சதுர அடி போதும். அடைத்த பிறகும் 24 சதுர அடி இருக்கும். கவலை இல்லை.

இனி வேலை. ஒரு நேரத்தில் ஒரு ஜன்னலை மட்டுமே தொட வேண்டும். முதலில் நிலையைக் கழற்ற வேண்டும். பிறகு அடைக்கப்போகும் பக்கத்தில் பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். பூச்சின் மேல் கட்டினால் புதுச் சுவர் ஒட்டாது.

அடுத்தது பல் எடுப்பது. முக்கியமான வேலை இதுதான். அவசரக்காரர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். பழைய சுவரின் ஓரத்தில் ஒரு வரி விட்டு ஒரு வரியில், இரண்டு அங்குல ஆழம் உளியால் மெதுவாக வெட்ட வேண்டும். பெரிய சம்மட்டி கூடாது. புதுச் செங்கல் அந்தப் பள்ளத்துக்குள் நுழைந்து பழைய சுவரைப் பிடித்துக்கொள்ளும். பல் இல்லாமல் அடுக்கினால் அது சுவர் ஆகாது. பாட்டிலுக்கு வைத்த தக்கை போலத்தான் இருக்கும். பார்க்க அழகாக இருக்கும். பூமி ஆடினால் தனியாகக் கழன்று விழும்.

செங்கலையும் பழைய சுவரையும் நனைக்க வேண்டும். கலவை 1 சட்டி சிமெண்டுக்கு 4 சட்டி மணல். புதுச் சுவர் பழைய சுவரின் கனத்திலேயே இருக்க வேண்டும். ஒரே நாளில் மேல்வரை கட்டக் கூடாது. பாதி இன்று, பாதி நாளை. லிண்டலுக்குக் கீழே கடைசியில் சிறு இடைவெளி இருக்கும். சில நாள் கழித்து, ஈரம் குறைந்த கலவையை அதில் இறுக்கித் திணிக்க வேண்டும். ஒரு வாரம் தண்ணீர் விட வேண்டும்.

பழையதும் புதியதும் சேரும் கோட்டில் பூச்சு வெடிக்கும். அதனால் அந்தக் கோட்டின் இரு பக்கமும் அரை அடி அகலத்துக்குக் கோழிவலையை ஆணி அடித்து, அதன்மேல் பூச வேண்டும்.

“இனி பூகம்பம் வந்தாலும் பயம் இல்லையா, பாய்?”

“இது மட்டும் போதாது, பென். விரிசலை அடைக்க வேண்டும். வீட்டைச் சுற்றி லிண்டல் மட்டத்தில் கம்பி வலை வைத்துச் சிமெண்ட் பட்டை போட வேண்டும். அடுத்த வாரம் அந்த வேலை.”

தச்சர் நிலையை ஓர் அடி குறைத்துத் தருகிறார். மிஞ்சிய மரத்தை அந்த அம்மா எடுத்து வைக்கிறார். அலமாரிக்குப் பலகை ஆயிற்று. நடுவில் இருக்கும் அந்த 3 அடிச் சுவர் அதற்குப் போதும்.